தின்னாமல் விட்ட புல்

ஜூலை மாதத்தில் மங்கோலியாவின் ஹங்காய் மலைப்பக்கம் போகிறவர்கள், தெற்குப் பார்த்த சரிவுகளில் ஆளில்லாத பட்டிகளைப் பார்க்கலாம். இடுப்பளவுக் கல்சுவர் அல்லது மரக்கட்டை அடைப்பு, ஒரு பக்கம் தாழ்ந்த கொட்டகை, கூடாரம் நின்ற இடத்தில் வட்டமான தடம். சுற்றிலும் புல் தழைத்து நிற்கும். ஒரு குளம்படி இருக்காது. யாரோ கைவிட்டுப் போன இடம் என்றுதான் புதியவருக்குத் தோன்றும். ஆனால் அந்தப் பட்டிக்குரிய குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. அங்கே நிற்கிற புல்லை இப்போது யாரும் தொடக்கூடாது. ஜனவரியில் குளிர் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும்போது, பனிக்கு மேலே தலைநீட்டி நிற்கப்போவது அந்தப் புல்தான்.

இந்த மக்களைத் தமிழில் நாடோடிகள் என்று எழுதிப் பழகிவிட்டோம். கால் போன போக்கில் திரிகிறவர்கள் என்ற பொருள் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. மங்கோலியரின், கசாக்கியரின், கிர்கிஸ் மக்களின் மேய்ச்சல் வாழ்க்கைக்கு அது கொஞ்சமும் பொருந்தாது. அவர்கள் ஆண்டுதோறும் போகிற இடங்கள் பெரும்பாலும் தாத்தா காலத்திலிருந்தே போய்வருகிற இடங்கள். பருவத்துக்கு ஓர் இடம், இடத்துக்கு ஒரு பெயர். மங்கோலிய மொழியில் கோடைக்குரியது சுஸ்லான், இலையுதிர் காலத்துக்குரியது நமர்ஜா, குளிர்காலத்துக்கு ஒவோல்ஜோ, வசந்தத்துக்கு ஹவர்ஜா. கசாக்கியர் அவற்றையே ஜைலாவ், குஸெவ், கிஸ்தாவ், கொக்தெவ் என்பார்கள். நான்கு இடங்களும் ஒரே பள்ளத்தாக்கைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் அடங்கிவிடுவதும் உண்டு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரிந்து கிடப்பதும் உண்டு.

ஏன் இடம் மாறுகிறார்கள் என்று கேட்டால், இங்கே புல் தீர்ந்துவிட்டது, புல் இருக்கிற இடத்துக்குப் போகிறார்கள் என்பதே வழக்கமான பதில். அது பாதிதான் உண்மை. வசந்தத்தில் பச்சை துளிர்க்கும்போதே அவர்கள் குளிர்கால இடத்தைவிட்டு விலகிவிடுகிறார்கள். அங்கே புல் வளர வேண்டும் என்பதற்காகவே விலகுகிறார்கள். மங்கோலியாவில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான 3 மாதங்களில் பெய்துவிடும். மழை நன்றாகப் பெய்கிற வடக்குக் காட்டோரங்களிலேயே ஆண்டுக்கு 300, 400 மில்லிமீட்டர். கோபி பாலைவனத்தில் 100 மில்லிமீட்டர் கிடைத்தாலே நல்ல ஆண்டு. பன்னிரண்டு மாதத் தீனியும் இந்தக் குறுகிய காலத்தில் விளைந்தாக வேண்டும். மிச்ச மாதங்களில் கால்நடைகள் தின்பது நின்ற இடத்திலேயே காய்ந்த புல்லை. வைக்கோல் போர் போலச் சேர்த்துவைக்க ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. அதனால் மலைச்சரிவையே வைக்கோல் போராக வைத்துக்கொண்டார்கள்.

குளிர்கால இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள நுட்பம் வியக்கவைப்பது. குளிரில் மலையிலிருந்து கீழே இறங்குவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். மங்கோலியாவின் பல பகுதிகளில் நடப்பது நேர்மாறு. கோடையில் ஆற்றங்கரையில், காற்று வீசும் திறந்த வெளியில் இருந்த குடும்பம், குளிர் வந்ததும் பள்ளத்தாக்கின் அடியைவிட்டுச் சரிவில் ஏறிவிடுகிறது. குளிர்காலத்தில் நடு ஆசியாவின் மேல் கனத்த காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். வானிலையாளர்கள் இதைச் சைபீரிய உயர் அழுத்தம் என்கிறார்கள். மங்கோலியாவின் தோசோன்செங்கெல் என்ற ஊரில் 2001 டிசம்பர் 19 அன்று கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அழுத்தம் 1085.7 ஹெக்டோபாஸ்கல். உலகில் இதுவரை பதிவான மிக உயர்ந்த அழுத்தங்களில் அது ஒன்று. அப்படிப்பட்ட நாட்களில் மேகமும் இருக்காது, காற்றும் இருக்காது. தரையின் சூடெல்லாம் இரவில் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். ஆற்றங்கரையில் உறைந்து சாகிற குளிர் இருக்க, கொஞ்சம் மேலே ஏறினால் பல டிகிரி கூடுதல் வெப்பம் இருக்கும். இந்த வெப்பத் தலைகீழ் மாற்றத்தைப் பாடப்புத்தகம் விளக்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மேய்ப்பர்கள் பட்டியை அந்த உயரத்தில் கட்டிவிட்டார்கள். தெற்குப் பார்த்த சரிவில் வெயில் நேராக விழும், பனி சீக்கிரம் கரையும், வடமேற்குக் காற்றுக்கு முதுகில் மலை இருக்கும்.

பட்டிக்குள் போனால் காலடியில் மெத்தென்று இருக்கும். பல ஆண்டுகளாக ஆடுகள் படுத்து, மிதித்து, இறுகிப்போன புழுக்கைத் தரை அது. மங்கோலியர் அதைப் பூத்ஸ் என்கிறார்கள். உறைந்த மண்ணில் படுக்கும் ஆடு உடம்புச் சூட்டை நிலத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரவு முழுக்கப் படுத்தால் குட்டி வயிற்றில் இருக்கும் ஆடு தாங்காது. காய்ந்த புழுக்கை அந்தச் சூட்டைக் கசியவிடாமல் தடுக்கிறது. காலையில் மந்தை வெளியே போனதும் ஈரமானதைச் சுரண்டி எடுத்துவிட்டு, காய்ந்த தூளைப் பரப்புவார்கள். இறுகிய புழுக்கையைப் பாளம் பாளமாக வெட்டி எடுத்தால் சுவருக்கும் ஆகும், அடுப்புக்கும் ஆகும். மரமில்லாத வெளிகளில் அடுப்பெரிப்பது அர்கல் என்கிற மாட்டு வறட்டி. கையால் தட்டியது இல்லை. விழுந்தபடியே வெயிலில் காய்ந்தது. முதுகில் கூடையைச் சுமந்துகொண்டு, கவைக்கோலால் ஒவ்வொன்றாக அள்ளி, தோளுக்கு மேலாகப் பின்னால் கூடைக்குள் போட்டுக்கொண்டே நடப்பார்கள். ஒரு பட்டியின் சாண மெத்தை உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். புதிதாக ஓர் இடத்தில் குளிர்காலத்தைக் கழிப்பது அவ்வளவு கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மங்கோலியர் வளர்ப்பவை 5 வகை: குதிரை, ஒட்டகம், மாடு (மலைப்பகுதிகளில் யாக் என்ற சடைமாடும் சேர்த்தி), செம்மறி, வெள்ளாடு. எதற்காக ஐந்தும் என்பதற்கு விடை பனியில் கிடைக்கிறது. மாட்டுக்கு முன்னங்காலால் பனியைத் தோண்டத் தெரியாது. மூக்கால் தள்ளித்தான் மேயும், பனி கெட்டியானால் பட்டினி. குதிரை குளம்பால் தோண்டிவிடும். கசாக்கியர் இப்படிப் பனியைக் கிளறி மேய்வதைத் தெபின் என்று சொல்கிறார்கள். அதனால் குதிரைகளை முதலில் விடுவார்கள். அவை பனியை உடைத்து, உயரப் புல்லின் நுனியைத் தின்றுவிட்டு நகரும். பின்னால் மாடு, அதற்கும் பின்னால் செம்மறி. ஒரே நிலம், ஒரே நாள், மூன்று பந்தி.

பனியே இல்லாவிட்டாலும் ஆபத்துதான். குளிரில் ஆறும் கிணறும் உறைந்துவிட்டால் ஆட்டுக்குத் தண்ணீர் பனியே. கிணறு இல்லாததால் கோடையில் யாரும் எட்டிப் பார்க்காத மேய்ச்சல் நிலங்கள் முதல் பனி விழுந்ததும் திறந்துகொள்கின்றன. கசாக்கியரின் பழைய நெடும்பயணம் முழுக்க முழுக்க இந்தக் கணக்கில் நடந்தது. தெற்கே சூ ஆற்றை ஒட்டிய மோயின்கும் மணற்காட்டில் குளிர்காலம். பாலைவனத்துக்குப் போய்க் குளிர்காலத்தைக் கழிப்பதா என்று தோன்றலாம். அங்கே பனி குறைவு. மணற்குன்றுகள் காற்றைத் தடுக்கும். சாக்சால் மரம் விறகுக்கு உண்டு. கோடையில் இல்லாத தண்ணீர் பனியாக வந்து விழும். வசந்தத்தில் பெத்பக்தாலா என்ற வறண்ட சமவெளியை, பச்சை இருக்கும்போதே வேகமாகக் கடந்து, கோடைக்கு வடக்கே சாரியர்க்கா புல்வெளிக்குப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது அதே பெத்பக்தாலாவில் ஜுசான் என்ற மாசிபத்திரிச் செடி காத்திருக்கும். கோடையில் கசப்பு தாங்காமல் ஆடு அதைத் தொடாது. உறைபனி பட்டதும் கசப்பு குறைந்துவிடும், பிறகு விரும்பித் தின்னும். சைகா என்ற காட்டு மான் கூட்டம் இந்தப் பாதையில்தான் இன்றும் வடக்கும் தெற்குமாகப் போய்வருகிறது.

மேற்கே துருக்கி வரை போனாலும் இதே கணக்குத்தான், சொற்களும் உறவுக்காரச் சொற்கள்தான். 1070களில் பாக்தாத்தில் மஹ்மூத் அல்-காஷ்கரி தொகுத்த துருக்கிய அகராதியிலேயே கோடை இடத்துக்கு யாய்லாக், குளிர்கால இடத்துக்குக் கிஷ்லாக் என்ற சொற்கள் உண்டு. கூட்டம் எங்கே நிலையாகத் தங்கியதோ அங்கே சொல்லும் தங்கிவிட்டது. இன்றைய உஸ்பெக் மொழியில் கிஷ்லோக் என்றால் கிராமம். துருக்கியில் கிஷ்லா என்றால் படைமுகாம். யாய்லா மட்டும் இன்னும் மலைமேல் குளுகுளுவென்ற கோடை வெளிதான்.

கோடையில் மலையேறியதற்குப் புல் மட்டும் காரணம் இல்லை என்பதை ஒட்டோமான் அரசு கசப்பான வழியில் காட்டிக்கொடுத்தது. தெற்கு துருக்கியின் சுக்குரோவா சமவெளி குளிர்காலத்தில் அருமையான மேய்ச்சல் நிலம். கோடையில் சதுப்பு, கொசு, மலேரியா. அங்கே குளிரைக் கழித்த துருக்மென் கூட்டத்தார் வெயில் தொடங்கியதும் டாரஸ் மலைக்குப் போய்விடுவார்கள். 1865-ல் படையை அனுப்பி அவர்களைச் சமவெளியில் கட்டாயமாகக் குடியமர்த்தினார்கள். மலைக்குப் போகும் வழி அடைபட்டது. காய்ச்சலில் கொத்துக் கொத்தாக மக்கள் இறந்தார்கள். அவர்களுடைய இடப்பெயர்ச்சி மந்தையைப் போலவே மனிதர்களையும் காத்துவந்தது என்பதை அதிகாரிகள் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

கோடை இடம் பாலுக்கான இடம். பெண் குதிரையின் மடி சிறியது. நாளில் ஐந்தாறு முறை கறக்க வேண்டும். குட்டிகளைத் தரையில் இழுத்துக் கட்டிய நீளக் கயிற்றில் வரிசையாகப் பிணைத்துவிட்டால் தாய்க் குதிரைகள் தூரம் போகாது. குட்டியை ஒரு நொடி ஊட்டவிட்டுப் பால் இறங்கியதும் விலக்கிக் கறப்பார்கள். அந்தப் பாலைத் தோல்பையில் ஊற்றி ஆயிரக்கணக்கான முறை கடைந்து புளிக்கவைத்தால் மங்கோலியரின் ஐராக். கசாக்கியருக்கு அது கிமிஸ். மங்கோலியரில் பெரும்பாலோருக்கு வளர்ந்தபின் பால் சர்க்கரையைச் செரிக்கும் மரபணு மாற்றம் கிடையாது. ஆனாலும் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளாக அந்த மண்ணில் பால் உண்ணப்படுகிறது. பழைய எலும்புக்கூடுகளின் பற்காறையில் பால் புரதங்களை ஆய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். புளிக்கவைக்கும்போது பால் சர்க்கரையில் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் முன்னதாகவே தின்றுவிடுகின்றன.

செங்கிஸ்கானின் பேரப்பிள்ளைகள் காலத்தில் வெளியார் பார்த்து எழுதியதும் ஒழுங்கைப் பற்றித்தான். 1253-ல் மங்கோலியாவுக்குப் புறப்பட்ட பிரான்சிஸ்கன் துறவி வில்லியம் ருப்ரக், ஒவ்வொரு தலைவனும் தனக்குரிய மேய்ச்சல் எல்லையையும், எந்தப் பருவத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் அறிவான் என்று எழுதிவைத்தார். பிரிக்காமல் அப்படியே வண்டியில் ஏற்றிப் போன பெருங்கூடாரம் ஒன்றை 22 காளைகள் இழுத்ததையும் அவர் எண்ணிப் பார்த்தார். அதற்கு முன்பு செங்கிஸ்கானின் எழுச்சிக்குப் புல்லே கைகொடுத்தது என்று சொல்லும் சான்றும் உண்டு. ஹங்காய் மலையின் எரிமலைப் பாறைகளில் நிற்கும் பழைய பைன் மரங்களின் ஆண்டு வளையங்களைப் படித்த ஆய்வாளர்கள், 1211 முதல் 1225 வரை அந்த மண் ஆயிரம் ஆண்டுகளில் காணாத தொடர் ஈரத்தைக் கண்டது என்று 2014-ல் வெளியிட்டார்கள். ஈரம் என்றால் புல், புல் என்றால் குதிரை. பேரரசுக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அது இல்லாமல் அத்தனை குதிரைகளுக்குத் தீனி ஏது என்பதையும் தள்ளிவிட முடியாது.

இருபதாம் நூற்றாண்டு அரசுகள் இந்த ஒழுங்கைப் பின்தங்கிய நிலை என்று பார்த்தன. அதற்கான விலையைக் கசாக்கியரைப் போல வேறு யாரும் கொடுக்கவில்லை. ஜார் காலத்திலேயே ரஷ்ய விவசாயிகள் பெருந்திரளாக வந்து நீர்வளமான இடங்களில் குடியேறினார்கள். அவற்றில் கணிசமானவை குளிர்கால இடங்கள். பிறகு ஸ்டாலின் ஆட்சியில் கால்நடைகளைப் பறித்துக் கூட்டுப்பண்ணைகளில் அடைத்து, குடும்பங்களை ஓரிடத்தில் அமர்த்தினார்கள். 1930க்கும் 1933க்கும் இடையே பஞ்சத்தில் சுமார் 15 லட்சம் பேர் மாண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 13 லட்சம் பேர் கசாக்கியர். மந்தைகளில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி ஓடினார்கள். மந்தையை அடைத்துவைக்க உத்தரவிட்டவர்கள், அடைத்த இடத்தில் அதற்கு எதைப் போடுவது என்று யோசிக்கவே இல்லை.

அடைத்து வளர்ப்பது ஏன் அங்கே தோற்கிறது? மழை அங்கே திட்டுத்திட்டாகப் பெய்கிறது. ஒரு குன்றுக்கு இந்தப் பக்கம் புல் முழங்கால் உயரம் நிற்க, அந்தப் பக்கம் மண் வெடித்துக் கிடக்கும். அடுத்த ஆண்டு தலைகீழாக மாறும். நிலத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொன்று கொடுத்துக் கம்பி வேலி கட்டினால், ஒருவருக்கு அதிர்ஷ்டம், பத்துப் பேருக்கு வறட்சி. வேலிக்குள் இருக்கும் ஆடு தினமும் ஒரே தடத்தில் ஒரே கிணற்றுக்கு நடக்கும். கிணற்றைச் சுற்றி முதலில் புல் போகும், பிறகு வேர், பிறகு மண்.

இதைக் கண்ணால் காட்டியவர் கேம்பிரிட்ஜ் மானுடவியலாளர் டேவிட் ஸ்னீத். மங்கோலியா, சீனாவின் உள் மங்கோலியா, ரஷ்யாவின் தென் சைபீரியா மூன்றும் சந்திக்கும் பகுதியின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 1998-ல் எழுதினார். மக்கள் ஒரே மாதிரி, தட்பவெப்பம் ஏறக்குறைய ஒன்று, அரசுக் கொள்கை மட்டும் வேறு. நிலையான பண்ணைகளும் உழவும் புகுந்த ரஷ்யப் பக்கம் மேய்ச்சல் நிலத்தில் முக்கால்பங்கு சீர்கெட்டிருந்தது. நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொடுத்த சீனப் பக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மந்தைகள் நகர்ந்துகொண்டே இருந்த மங்கோலியாவில் பத்தில் ஒரு பங்கு. மங்கோலியாவிலும் கூட்டுப்பண்ணைகள் இருந்தன. நெக்தெல் என்று பெயர். ஆனால் அவை பருவ இடப்பெயர்ச்சியை விட்டுவிடவில்லை. சாமான் ஏற்ற லாரி கொடுத்தன, கிணறுகளைப் பராமரித்தன, ஆபத்துக் காலத்துக்கு வைக்கோல் சேர்த்தன.

அந்த நல்ல கணக்கு பிறகு கலைந்துபோனது. 1990களின் தொடக்கத்தில் நெக்தெல்கள் கலைக்கப்பட்டன. ஆலைகள் மூடி வேலை இழந்தவர்கள் ஆடு மேய்க்க வந்தார்கள். லாரி இல்லை, கிணறுகள் பழுது. எனவே தூரப் பயணம் சுருங்கியது. விற்பதற்கு வசதியாகச் சாலையோரத்திலும் ஊர்ப்பக்கத்திலும் கூட்டம் சேர்ந்தது. காஷ்மீர் உரோமத்துக்கு உலகச் சந்தையில் விலை கிடைத்ததால் 1990-ல் சுமார் 50 லட்சமாக இருந்த வெள்ளாடுகள் பிறகு 2.5 கோடியைத் தாண்டின. மொத்தக் கால்நடைகள் சுமார் 2.6 கோடியிலிருந்து 2019-ல் 7 கோடிக்கு மேல் போயின. அந்த நாட்டின் மக்கள்தொகையோ 35 லட்சம்தான். வெள்ளாட்டுக்குக் கொழுப்பு குறைவு. வசந்தத்தில் அடிமயிரைச் சீவி எடுத்தபின் திடீரென்று பனிப்புயல் அடித்தால் முதலில் விழுவதும் அதுதான்.

மேய்ப்பர்கள் எல்லாவற்றுக்கும் மேலாக அஞ்சும் சொல் ட்சுத். கசாக்கிய மொழியில் ஜுத். குளிர்காலத்தில் கால்நடைகள் கூட்டமாக மடிவதைக் குறிக்கும் இந்தச் சொல்லுக்கு வகைகள் உண்டு. ஆழமான பனி புல்லை மூடினால் வெள்ளை ட்சுத். பனியே விழாமல் தாகத்தில் மடிந்தால் கருப்பு ட்சுத். பனி ஒருநாள் உருகி மறுபடி உறைந்து, புல்மேல் கண்ணாடித் தகடு போலப் படிந்தால் இரும்பு ட்சுத். குதிரையின் குளம்பும் அதை உடைக்காது, செம்மறியின் கால் கிழிந்து ரத்தம் வரும். 1999 முதல் 2002 வரை தொடர்ந்து வந்த மூன்று குளிர்காலங்களில் 1 கோடிக்கு மேல் கால்நடைகள் போயின. 2009-10 குளிரில் மட்டும் ஏறக்குறைய 1 கோடி. 2023-24-ல் 70 லட்சத்துக்கு மேல். எல்லாம் இழந்த குடும்பங்கள் கூடாரத்தை மடித்துக்கொண்டு தலைநகர் உலான்பாட்டரின் விளிம்பில் போய் நிறுத்துகின்றன. நாட்டு மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இப்போது அந்த ஒரே நகரத்தில் இருக்கிறார்கள்.

1940லிருந்து 2015க்குள் மங்கோலியாவின் சராசரி வெப்பம் 2 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. வறண்ட கோடையில் கொழுக்காத ஆடு குளிரைத் தாங்காது. எனவே ட்சுத்தின் வேர் பெரும்பாலும் முந்தைய ஜூலையிலேயே இருக்கிறது. இழப்பை ஈடுகட்ட மங்கோலியாவில் 2006-ல் தொடங்கிய கால்நடைக் காப்பீட்டுத் திட்டம் மாவட்டத்தின் மொத்த இழப்பைக் கணக்கிட்டுப் பணம் தருகிறது. கிர்கிஸ்தான் 2009-ல் சட்டம் கொண்டுவந்து, துண்டாடப்பட்டிருந்த மேய்ச்சல் நிலத்தின் நிர்வாகத்தை உள்ளூர்க் குழுக்களிடம் திருப்பிக் கொடுத்தது; 3,000 மீட்டர் உயரத்திலுள்ள சோங்கோல் ஏரிக்கரைக்கு இன்றும் கோடையில் மந்தைகள் ஏறுகின்றன. மங்கோலியாவின் 1992 அரசியலமைப்பு மேய்ச்சல் நிலத்தைத் தனியாருக்குச் சொந்தமாக்க இடம் தரவில்லை. குளிர்கால இடத்துக்கு மட்டும் குடும்பங்கள் அனுபவ உரிமைச் சான்றிதழ் பெறலாம். எந்த நிலத்தின்மேல் உரிமை தேவை, எதன்மேல் தேவையில்லை என்ற அந்தப் பிரிவினையில் பழைய அறிவு இன்னும் மிச்சம் இருக்கிறது.

எல்லாக் கணக்கும் பிசகும்போது எஞ்சுவது ஓத்தோர். குடும்பத்தில் ஓரிருவர் மட்டும், சின்னக் கூடாரத்தோடு, தெம்புள்ள கால்நடைகளை ஓட்டிக்கொண்டு வழக்கமான எல்லையைத் தாண்டிப் போகிற அவசரப் பயணம் அது. இப்போது முதலில் கைப்பேசியில் விசாரிக்கிறார்கள்: உங்கள் பக்கம் பனி எவ்வளவு, ஏற்கெனவே எத்தனை மந்தை வந்திருக்கிறது? பிறகு ஒருவர் மோட்டார் சைக்கிளிலோ குதிரையிலோ முன்னே போகிறார். சொன்ன இடத்தில் இறங்கி, குதிகாலால் பனியை ஓங்கி மிதிக்கிறார். பொதபொதவென்று உள்ளே போனால் நல்லது. கண்ணாடி நொறுங்குகிற சத்தம் கேட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். உள்ளே போனால், மண்டியிட்டுத் தரை தெரியும்வரை கையால் விலக்கி, ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக் கசக்கிப் பார்க்கிறார். அப்புறம் புகை தெரிகிற கூடாரத்துக்கு நடக்கிறார், அந்த இடத்துக்காரர்களிடம் கேட்பதற்கு.